ஆர் சொன்னது, ஆருக்குச் சொன்னது

1

நேற்றுப் பின்னேரம் லஸ்ஸில நானும் மகளும் ஒரு ட்ராமைத் தவற விட்டம். நாலு எட்டு ஓடியிருந்தால் பிடிச்சிருக்கலாம். நாங்கள் ஓடேல்லை. அது ஏனெண்டு உங்களுக்குச் சொல்லத்தான் இவ்வளவையும் எழுதுறன்.

அதுக்கு முதல், இதை யாழ்ப்பாணத்துப் பத்திரிகையில அச்சில போடுற தம்பிக்கு ஒரு வார்த்தை. என்ர தமிழைத் திருத்தாதேயுங்கோ. வாயால கதைக்கிற மாதிரித்தான் எழுதியிருக்கிறன், வேணுமெண்டுதான் எழுதியிருக்கிறன். இஞ்ச மதராசில என்னைத் திருத்துறவைக்கு ஒரு நாளும் குறைவிருக்கேல்லை. பால்காரன் திருத்துவான், ட்ராம் கண்டக்டர் திருத்துவான், நான் பெத்த பிள்ளையே திருத்தும். ஊரிலயும் ஒருத்தர் சிவப்பு மையைத் தூக்கிக்கொண்டு வரவேண்டாம்.

இந்த ஆடியோட நாங்கள் இஞ்ச வந்து எட்டு வருஷம். தலைமன்னாரில கப்பல் ஏறி, தனுஷ்கோடியில இறங்கி, ரயிலில எழும்பூர் வந்து சேர்ந்தனாங்கள். இவருக்குத் துறைமுகத்தில கிளார்க் வேலை. எனக்கு அப்ப வேலை ஒண்டும் இல்லை, கையில ஆறு வயசு றெஜினா. விட்டிட்டு வந்த இளவாலை ஊரை நினைச்சு அழுறதுக்கு நான் பேனை எடுக்கேல்லை, பயப்படாதேயுங்கோ. அழுது முடிச்சுக் கனகாலம். இப்ப கோவம்தான் மிச்சம்.

2

கடல் தாண்டினாலும் தமிழ்தானே எண்டு நினைச்சுக்கொண்டு வந்தனான். சீனத்துக்குப் போனவளுக்குச் சீனம் தெரியாதெண்டு எல்லாரும் இரங்குவினம். தமிழ் தெரிஞ்சவள் தமிழ் ஊரில முழிக்கிறதுக்கு ஆரும் இரங்காயினம். சிரிப்பினம்.

சொல்லெல்லாம் எங்கட சொல்லுத்தான். பொருள்தான் வேற. லஸ் மார்க்கெட்டில கத்தரிக்காய்க்காரியிட்ட, வடிவாப் பாத்து நிறுங்கோ எண்டன். எங்களுக்கு வடிவு எண்டால் அழகு. வடிவாச் செய் எண்டால் ஒழுங்காச் செய். அவ தராசைக் கீழ வைச்சிட்டு, வடிவுன்றது யாரும்மா, உன் பொண்ணா எண்டு கேட்டா. வீட்டுக்காரம்மாவிட்ட, இவர் என்னைப் பேசிப்போட்டார் எண்டு ஒருநாள் மனம் நொந்து சொன்னன். பேசினா நல்லதுதானே, சில வீட்டில பேசறதே இல்லையே எண்டு அவ எனக்குப் புத்தி சொன்னா. எங்கட ஊரில பேசுறது எண்டால் ஏசுறதெண்டு அவவுக்கு நான் விளங்கப்படுத்தி முடிக்கிறதுக்குள்ள எனக்கு இவரில இருந்த கோவம் போயிட்டுது.

ரேஷன் கார்டு எடுக்கப் போன கதை இன்னும் மோசம். வீட்டில எத்தனை பேர் எண்டு அந்த ஆபீஸில இருந்தவர் கேட்டார். நானும் அவரும் ஒரு பெட்டையும் எண்டன். நாங்கள் பொம்பிளைப் பிள்ளையைச் செல்லமாப் பெட்டை எண்டு சொல்லுவம், அது உங்களுக்குத் தெரியும். அந்த மனுசனுக்குத் தெரியாது. கோழிக்கெல்லாம் அரிசி இல்லைம்மா எண்டார். வரிசையில நிண்ட சனம் விழுந்து விழுந்து சிரிச்சுது. றெஜினா என்ர சீலைத் தலைப்புக்குள்ள முகத்தை ஒளிச்சுக்கொண்டு நிண்டாள். எனக்கு அண்டைக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவளுக்கு அது உள்ளுக்குள்ள போய்க் குந்திக்கொண்டுது எண்டு பிறகுதான் தெரிஞ்சது.

நாங்களும் லேசுப்பட்ட ஆக்களில்லை. இஞ்ச இருந்து எங்கட ஊருக்குப் புடவை மூட்டையோட வாற வியாபாரி வாய் திறந்தால் வேலிப் படலையடியில நிண்டு பழிப்புக் காட்டின ஆக்கள் தானே நாங்கள். இப்ப எனக்கு முறை, அவ்வளவுதான். ஆனால் அந்த வியாபாரி எங்களுக்காகத் தன்ர தமிழை மாத்தேல்லை. மூட்டையை அவிழ்த்து, தன்ர வாய்க்கு வந்தபடி கூவிக் கூவி வித்துப்போட்டுப் போனவர். அவரை நான் இப்ப அடிக்கடி நினைக்கிறனான்.

3

சாந்தோம் பக்கத்தில இருக்கிற பொம்பிளைப் பிள்ளையள் பள்ளிக்கூடம் ஒண்டில நான் தமிழ் டீச்சரா வந்தது ஜப்பான்காரன்ர புண்ணியம். குண்டு விழப் போகுதெண்டு மயிலாப்பூர் முழுக்கப் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு ஊருக்கு ஓடிச்சுது. தமிழ் சொல்லித் தாற டீச்சரும் கும்பகோணம் போயிட்டா. எங்களுக்கு ஓடுறதெண்டால் கடல் தாண்டவேணும், நாங்கள் ஓடேல்லை. மாதா கோயிலில பூசைக்குப் பிறகு பள்ளிக்கூடத்து மதர் என்னைக் கூப்பிட்டு, நீங்க ஊர்ல டீச்சர் ட்ரெயினிங் முடிச்சவங்களாமே எண்டு கேட்டா. ஊர் ஓடின நேரம் என்ர தமிழில ஒருத்தருக்கும் ஒரு குறையும் தெரியேல்லை. இதைக் கவனிச்சுக்கொள்ளுங்கோ.

அந்த டீச்சரைத் தவிர மற்றச் சனம் திரும்பி வந்த பிறகுதான் சிரிப்புத் தொடங்கினது. பாடம் சொல்லி முடிச்சு, விளங்குதோ எண்டு கேப்பன். வகுப்பு முழுக்கக் குலுங்கும். இஞ்ச விளங்கும் எண்டால் உருப்படும் எண்டு பொருளாம். அதையும் நக்கலாத்தான் சொல்லுவினமாம். நான் ஒவ்வொரு பாடத்துக்குப் பிறகும் பிள்ளையளைப் பாத்து, உருப்படுவியளோ எண்டு கேட்டிருக்கிறன்.

அப்பதான் எனக்கு ஒரு யோசினை வந்தது. ஒரு சொல்லைப் பலகையில எழுதி, ஒண்டு இரண்டு எண்டு பொருளை அடுக்கி, பாடமாக்கு எண்டு சொல்லுறதை நிப்பாட்டினன். அதுக்குப் பதிலா ஒவ்வொரு கிழமையும் ஒரு சொல்லு. அந்தச் சொல்லு வாற வாக்கியம் ஒண்டை ஒவ்வொருத்தியும் தன்ர வீட்டில, தெருவில, கடையில காதால கேட்டுக்கொண்டு வரவேணும். புத்தகத்தில இருந்து எடுக்கக்கூடாது. வாக்கியத்தோட, ஆர் சொன்னது, ஆருக்குச் சொன்னது எண்டு கட்டாயம் சொல்லவேணும். அது தெரியாமல் என்ர வகுப்பில ஒருத்தியும் பொருளைப் பற்றி வாய் திறக்கேலாது.

உங்களுக்குச் சொன்னால் நம்பமாட்டியள், அந்த வகுப்புக்கு உயிர் வந்திட்டுது. தண்ணி எண்டு ஒரு கிழமை. வைதேகி எண்ட மாட வீதிப் பிள்ளை எழும்பி, ஆத்துல தண்ணி வந்துடுத்து எண்டாள். அடையாறு முகத்துவாரத்துப் பக்கம் மீன்பிடிக் குப்பத்தில இருந்து வாற லூர்து பதறிப்போய், எந்த ஆத்துல, எப்போ எண்டு எழும்பி நிண்டாள். வெள்ளம் வந்தால் அவையின்ர படகுக்கு ஆபத்து. எங்காத்துல, குழாய்ல, எங்கம்மா எங்கிட்ட சொன்னா எண்டு வைதேகி சொன்ன பிறகுதான் லூர்து திரும்ப வாங்கில குந்தினாள். பிறகு தன்ர வாக்கியத்தைச் சொன்னாள்: தண்ணி தெக்கால ஓடிக்கினு கீது. அது குடிக்கிற தண்ணி இல்லை, கடலின்ர நீரோட்டம். அவளின்ர நைனா அவளின்ர மாமாவுக்கு, வலை போடுறதுக்கு முதல் சொன்னது. பாண்டி பஜாரில ஜவுளிக்கடை வைச்சிருக்கிற திருநெல்வேலிக்காரரின்ர மகள் கொண்டு வந்த வாக்கியத்தில ஒரு வாடிக்கைக்காரர் கடைக்கு வராமலே தண்ணி காட்டிப்போட்டார். இவ்வளவு பேரும் ஒரே வாங்கில இருந்து, ஒருத்தியின்ர வீட்டுத் தமிழைப் பாத்து மற்றவள் சிரிக்கிறதை மறந்து போச்சினம். ஏனெண்டால் எல்லாருக்கும் தன்ர முறை வரும்.

4

ஒருத்தி மட்டும் தன்ர வீட்டு வாக்கியம் கொண்டு வாறேல்லை. அது என்ர மகள்.

றெஜினா நாலாம் பாரத்துக்கு வந்து என்ர வகுப்பில இருந்தாள். பள்ளிக்கூடத்தில என்னை டீச்சர் எண்டுதான் கூப்பிடவேணும், அது மதரின்ர கட்டளை. அந்தக் கட்டளை அவளுக்குச் சரியான வசதியாப் போச்சு. கிழமைக்குக் கிழமை வாக்கியம் கொண்டு வருவாள், பிழையே இல்லாமல் கொண்டு வருவாள். ஆர் சொன்னது எண்டால் பக்கத்து வீட்டு மாமி சொன்னது, கண்டக்டர் சொன்னார், போஸ்ட்மேன் சொன்னார். எங்கட வீட்டில மூண்டு பேரும் ஊமையள் எண்டு கேக்கிறவை நினைப்பினம்.

வீட்டிலயும் அவள் மாறிக்கொண்டு வந்தாள். தகப்பன் அவளை வாங்கோ பிள்ளை எண்டு கூப்பிட்டால் வரேன்ப்பா எண்டுவாள். கடைக்குப் போனால் எனக்கும் கடைக்காரனுக்கும் நடுவில வந்து நிண்டு, அம்மா நீங்க சும்மா இருங்க, நான் பேசறேன் எண்டுவாள். பாவம், அந்த மனுசனை ஏன் பிள்ளை பேசப் போறாய் எண்டு கேட்டால் முறைப்பாள். பள்ளிக்கூடம் விட்டால் நானும் அவளும் கச்சேரி ரோட்டால லஸ்ஸுக்கு நடந்து வந்து ராயப்பேட்டை ட்ராம் பிடிக்கிறனாங்கள். நான் வாயைத் திறந்த உடனே அவளின்ர கால் கெதியாகும். பத்து முழம் முன்னால போயிடுவாள். ரோட்டில போறவை எங்களைத் தாயும் மகளும் எண்டு சொல்லாயினம்.

ஒருநாள் எனக்குப் பொறுக்கேலாமல் போச்சு. பின்னால நிண்டு உரத்துச் சொன்னன்: "ஆறுதலா நட பிள்ளை. நாங்கள் ஆரின்ரயும் சாமானைக் களவெடுத்துக்கொண்டு ஓடேல்லை."

எங்கட ஊரில ஆறுதலா எண்டால் அவசரப்படாமல், பதட்டப்படாமல் எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இஞ்ச அந்தச் சொல்லை இழவு வீட்டிலதான் எடுப்பினம். மருந்துக் கடை வாசலில நிண்ட இரண்டு பேர் திரும்பிப் பாத்துச் சிரிச்சினம். றெஜினா திரும்பியே பாக்கேல்லை. லஸ் வரைக்கும் ஓட்டமும் நடையுமாப் போனாள். வீட்டுக்கு வந்து, தெருவுல மட்டும் அப்படிப் பேசாதீங்கம்மா, கெஞ்சிக் கேட்டுக்கறேன் எண்டு சொல்லிப்போட்டு அழுதாள். நான் அவளைத் தடவிக் குடுக்கேல்லை. சரி எண்டும் சொல்லேல்லை. பெத்த வயிறு எரிஞ்சது உண்மை. ஆனால் சரி எண்டு ஒருக்கால் சொன்னால் பிறகு என்ர வாயை நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது?

5

இப்ப இரண்டு நாடும் சுதந்திர நாடு. அந்தக் கொண்டாட்டம் முடிஞ்ச கையோட பள்ளிக்கூடத்தில ஒரு பேச்சுக் கிளம்பினது. யாழ்ப்பாணத்து டீச்சர் குப்பத்துத் தமிழையும் தன்ர தமிழையும் வகுப்பில கலக்கிறா, பிள்ளையள் கெட்டுப்போகுதுகள் எண்டு ஒரு தகப்பன் மதரிட்ட வந்து சொன்னாராம். மதர் கெட்டவ இல்லை. என்னைக் கூப்பிட்டு ஒளிக்காமல் சொன்னா. அடுத்த கிழமை இன்ஸ்பெக்ட்ரஸ் வாறா. அவ என்ர வகுப்பைப் பாத்து ஒரு குறையும் சொல்லாட்டி வகுப்பு எனக்கு. சொன்னால் தமிழ் வேற ஆளுக்கு. எனக்குச் சின்னப் பிள்ளையளுக்குத் தையல் சொல்லிக் குடுக்கிற வேலை. அந்த ஒரு நாளைக்காவது பொருளை மனப்பாடமாச் சொல்ல வைங்களேன் எண்டு மதர் கேட்டா. நான் பாக்கிறன் எண்டு சொல்லிப்போட்டு வந்து, வழக்கம்போலத்தான் நடத்தினன்.

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா வந்தா. நிறையப் படிச்சவ, கண்ணாடி, கதர்ச் சீலை, வெய்யிலில நாலு பள்ளிக்கூடம் பாத்த களைப்பு. கடைசி வாங்கில போய் இருந்து கொஞ்ச நேரம் கவனிச்சா. பிறகு எழும்பி முன்னுக்கு வந்து, பலகையில நாங்கள் அந்தக் கிழமைக்கு எழுதியிருந்த ஆறு எண்ட சொல்லுக்குப் பொருள் சொல்லு எண்டு லூர்துவைக் கை காட்டினா.

லூர்து எழும்பினாள். எழும்பி, என்ர வகுப்பில எல்லாரும் கேக்கிற மாதிரியே கேட்டாள்.

"யார் சொன்னது அம்மா? யாருக்குச் சொன்னது?"

இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தவவைக் கேள்வி கேட்ட பிள்ளை இந்த மதராசில லூர்து ஒருத்தியாத்தான் இருப்பாள். அவளுக்கு அது குறும்பு இல்லை. அப்பிடித்தான் கேக்கவேணும் எண்டு நான் பழக்கி வைச்சிருந்தன். மதர் என்னைப் பாத்தா. இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாவின்ர முகம் இறுகிப்போச்சு. வாக்கியம் இல்லாமல் பொருள் சொல்ல இவையளுக்குத் தெரியாது எண்டு நான்தான் குறுக்க சொன்னன். அப்ப அவையளே வாக்கியத்தைச் சொல்லட்டும் எண்டா அவ.

லூர்து பயப்படாமல் சொன்னாள்: ஆத்து வாய் மணல் மூடிக்கினு கீது, அவளின்ர நைனா மாமாவுக்குச் சொன்னது. வைதேகி எழும்பி, காப்பி ஆறிடுத்து, சித்தி சித்தப்பாகிட்ட சொன்னா எண்டாள். கேட்டுக்கொண்டு நிண்ட அம்மாவுக்குப் பொறுமை போச்சு. கொஞ்சம் நல்ல தமிழ்ல சொல்றதுக்கு இங்க ஒருத்தர் கூட இல்லையா எண்டு கேட்டுக்கொண்டு றெஜினாவைக் காட்டினா. அவளைப் பாத்தால் அடக்கமான பிள்ளை எண்டு ஆருக்கும் தெரியும்.

எனக்கு அப்பாடா எண்டு இருந்தது. வாரத்துக்கு ஆறு நாள் பள்ளிக்கூடம் எண்டோ, அடையாறு ஒரு ஆறு எண்டோ பிழையில்லாமல் ஒண்டு சொல்லுவாள். சொன்னால் வகுப்புத் தப்பும். அவள் எழும்பி நிண்டாள். லூர்துவைப் பாத்தாள், வைதேகியைப் பாத்தாள். என்னைப் பாக்கேல்லை.

"ஆறுதலா நட பிள்ளை. நாங்கள் ஆரின்ரயும் சாமானைக் களவெடுத்துக்கொண்டு ஓடேல்லை."

அப்பிடியே சொன்னாள். என்ர ராகம், என்ர இழுவை, ஒரு எழுத்துக் குறையாமல். பிறகு இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா கேட்டா: "யார் சொன்னது?"

"எங்கட அம்மா. எனக்குச் சொன்னது, கச்சேரி ரோட்டில." என்னைக் கை காட்டினாள்.

மேசையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். ஆறுதல் எண்டால் மனத்தேறுதல், நடைக்கு எப்பிடி ஆறுதல் வரும், டீச்சர் நீங்க இதைத் திருத்தலையா எண்டு இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா என்னைக் கேட்டா. திருத்தேல்லை அம்மா, அதில பிழை இல்லை, எங்கட ஊரில அப்பிடித்தான் நடப்பம் எண்டன். அவ கண்ணாடியைக் கழட்டித் துடைச்சா. நல்லது எண்டும் சொல்லேல்லை, கெட்டது எண்டும் சொல்லேல்லை, மதரோட வெளியில போயிட்டா.

6

பின்னேரம் மதர் கூப்பிட்டா. இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா குறை எழுதி வைச்சிட்டுத்தான் போனவவாம். நாளைக்கு வகுப்பில, அந்தச் சொல்லு இந்தப் பொருளில வராது, அது தப்பு எண்டு நான் சொல்லவேணும். லூர்துவும் றெஜினாவும் மதருக்கு முன்னால நிண்டு மன்னிப்புக் கேக்கவேணும். அவ்வளவும் செய்தால் வகுப்பை நானே வைச்சிருக்கலாம். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன், ஒரு வார்த்தைதானே எண்டா.

"மதர், அந்த ஒரு வார்த்தையை என்ர மகள் எட்டு வருஷத்துக்குப் பிறகு எடுத்திருக்கிறாள். அதைத் தப்பு எண்டு என்ர வாயால சொல்ல மாட்டன். தையலைத் தாங்கோ."

தந்திட்டா. ஏசேல்லை, பேசேல்லை, பெருமூச்சு விட்டுக்கொண்டு தந்தா. வீட்டில இவர் விஷயத்தைக் கேட்டுப்போட்டு, தையல் எண்டால் பெண் எண்டும் பொருள் இருக்கு, அதால நீ தமிழை விட்டுத் தூரம் போகேல்லை எண்டு பகிடி விட்டார். நான் சிரிச்சன், சிரிச்சுப்போட்டு அழுதனான். வகுப்பு போனது போனதுதான். இப்ப சின்னப் பிள்ளையளுக்குக் காஜா எடுக்கவும் ஓரம் மடிச்சுத் தைக்கவும் சொல்லிக் குடுக்கிறன். இவ்வளவு வருஷத்துக்குப் பிறகு மதர் கூப்பிட்டுக் கும்பகோணத்து டீச்சர் திரும்பி வந்து, ஆறு எண்டால் எண், நதி, வழி எண்டு நாலாம் பாரத்துக்குப் பாடமாக்கக் குடுக்கிறா. அவ நல்ல டீச்சர்தான். ஆனால் இடைவேளைக்கு மணி அடிச்சால் தையல் அறை ஜன்னலடியில லூர்துவும் வைதேகியும் இன்னும் மூண்டு நாலு பேரும் வந்து நிக்கினம். இந்த வாரம் இன்னா சொல்லு டீச்சர் எண்டு கேக்கினம். நானும் குடுக்கிறன். இதை வாசிச்சு மதருக்கு ஆராவது எழுதினாலும் எழுதட்டும்.

இனி நேற்றைய ட்ராமுக்கு வாறன். கச்சேரி ரோட்டால நடந்து வந்தனாங்கள். எனக்கு முழங்கால் உளைவு. அவளின்ர வகுப்புப் பிள்ளையள் ஏழெட்டுப் பேர் எங்களுக்கு முன்னால போச்சினம். லஸ் மூலையில ட்ராம் வந்து நிண்டதைக் கண்டு எல்லாரும் ஓடிச்சினம். றெஜினாவும் இரண்டு எட்டு முன்னுக்கு வைச்சாள். எனக்குப் பழகின முதுகு அது. போகட்டும் எண்டு விட்டிட்டன்.

அவள் நிண்டாள். திரும்பி, ட்ராமில தொங்கிக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் கேக்கத்தக்கதா அங்க இருந்தே கூப்பிட்டாள்.

"அம்மா, ஆறுதலா வாங்கோ. போற ட்ராம் போகட்டும்."

ட்ராமில இருந்து ரெஜி, வரலியா எண்டு ஒரு பிள்ளை கத்தினது. கண்டக்டர் மணியை அடிச்சார், ட்ராம் போச்சுது. நான் ஆறுதலா நடந்து அவளுக்குக் கிட்டப் போனன். அடுத்த ட்ராம் வரக் கனநேரம் எடுத்தது. அது வரும் மட்டும் நடு லஸ்ஸில நிண்டு நாங்கள் இரண்டு பேரும் உரத்துக் கதைச்சம்.